மறுகூவல்

பைன் காட்டில் காலடி ஓசை கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் உதிர்ந்த ஊசியிலைகள் கணுக்கால் புதையும்படி படிந்து கிடக்கின்ற தரையில், ஒரு டன் எடையுள்ள காட்டுமாடு பின்னால் வந்து நின்றாலும் அதன் மூச்சு முதுகில் பட்ட பிறகே தெரியும். தூவானமலையில் மூடுபனி இறங்கிவிட்டாலோ கண்ணும் உதவாது. நீட்டிய கையின் விரல்களை எண்ண முடியாது. ஆகையால் அங்குள்ள வனக்காவலர்கள் தொண்டையை நம்பியே வாழ்ந்தார்கள். ஒருவர் இடைவிட்டு மூன்று முறை கூவினால் ‘இக்கட்டில் இருக்கிறேன்’ என்று பொருள். கேட்டவர் ஒரே ஒரு முறை நீட்டிக் கூவ வேண்டும். ‘கேட்டேன், வருகிறேன்’ என்பது அதன் பொருள். மறுகூவல் கொடுத்தவர் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுக் குரல் வந்த திசை நோக்கி நடந்தே ஆக வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத இந்த விதியை ஒருவரேனும் மீறியதாக, இருபத்தாறு ஆண்டுகளாக அம்மலையில் பணியாற்றும் வனவர் மாசிலாமணிக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அந்த விதிப்படி நடந்துதான் காவலன் சடையன் செத்தான்.

புதன்கிழமை காலையில், காவலர் கொட்டகையில், அறிக்கைத் தாளின் முன் அமர்ந்திருந்தார் மாசிலாமணி. ‘பணியின்போது கவனக்குறைவால் தவறி விழுந்து’ என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் ‘கவனக்குறைவால்’ என்னும் சொல்லில் அவருடைய பேனா நின்றுவிட்டது. அந்தக் காட்டிலேயே கவனமானவன் சடையன்தான்.

“இன்னொரு தடவ சொல்லு ஆரோக்கியம். கூவல் எங்கிருந்து வந்துச்சு?”

சடையனோடு அன்று சுற்றுக்காவல் போயிருந்த ஆரோக்கியம் சுவரில் சாய்ந்து நின்றான். இரவெல்லாம் பிணத்தோடு மலையடிவார மருத்துவமனையில் இருந்தவன் அவன்.

“ஏழாம் பகுதிங்கய்யா. பள்ளத்து ஓரம். மூணு கூவல். சடையன் ஒண்ணு குடுத்துட்டு நேரா நடந்தான். சுத்துப்பாதையில வாடா, ஓரம் வழுக்கும்னேன். கூப்பிட்டவன் காத்திருக்கான்ல மச்சான்னு சொல்லிட்டுப் போனான். அப்புறம் அலறல்கூட இல்ல.”

“ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?”

ஆரோக்கியம் சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

“சொன்னா என்னையப் பைத்தியம்பீங்க. அது சடையன் குரல் மாதிரியே இருந்துச்சு. அவன் என் பக்கத்துல நிக்கிறான், அவன் குரல் அங்க கேக்குது. அவனுக்குத் தெரியல. அவனவன் குரல் அவனவனுக்கு எங்க தெரியுது?”

அந்தப் பிரிவில் மாசிலாமணியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். கூவல் எழுந்த அந்த நேரத்தில் காட்டுக்குள் இருந்தவர்கள் சடையனும் ஆரோக்கியமும் மட்டுமே. மற்ற இரு காவலர்களான காசிமாயனும் பஞ்சவர்ணமும் இதே கொட்டகையில் மாசிலாமணியோடு உட்கார்ந்து பைன் மரங்களின் புழுத்தொல்லைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்; மின்னாக்கியின் இரைச்சலில் கூவல் அவர்களுக்குக் கேட்கவில்லை. வாயிற்கதவைக் கடந்து வேறு எவரும் உள்ளே போகவில்லை.

“அப்ப கூப்பிட்டது யாரு?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம். முப்பத்தைந்து வயது, அப்பிரிவின் ஒரே பெண் காவலர், காட்டுமாட்டின் தடத்தைப் பார்த்து அது சினையா, இல்லையா என்று சொல்லக்கூடியவள்.

“என்னைய ஏன்க்கா பாக்குற?” என்றான் காசிமாயன். விளையாட்டுக்காரன் என்று பெயரெடுத்தவன் அவன். “போன மாசம் பூரா ‘யாரோ கூப்பிட்டாங்க, போனா ஆளக் காணோம், எல்லாம் காசிமாயன் வேல’ன்னு சொல்லி என்கிட்ட டீ வாங்கிக் குடிச்சீங்கள்ல. நான் கூப்பிடல, கூப்பிடலன்னு அன்னிக்கே சொன்னேன். எவன் கேட்டீங்க?”

மாசிலாமணி நிமிர்ந்தார். “எத்தன தடவ நடந்துச்சு இது?”

கணக்குப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் மூன்று முறை போயிருந்தாள், ஆரோக்கியம் இரண்டு, சடையன் ஆறு. எல்லா முறையும் ஏழாம் பகுதி. போய்ப் பார்த்தால் ஒருவரும் இருப்பதில்லை. விளையாட்டு என்று நினைத்து வைதுகொண்டே திரும்பி வந்திருக்கிறார்கள். விளையாட்டு என்று தெரிந்த பிறகுமா அடுத்த முறையும் போனீர்கள் என்று கேட்க வாயெடுத்த மாசிலாமணி, கேட்காமல் விட்டார். அவராக இருந்தாலும் போயிருப்பார்.

அவருடைய பார்வை சாளரத்துக்கு வெளியே, எதிரிலிருந்த பைன் மரத்தில் ஆளுயரத்தில் திருகாணி கொண்டு பொருத்தப்பட்டிருந்த சாம்பல் நிறப் பெட்டியின்மீது விழுந்தது. அப்போது அது மலையணிலின் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

*

அந்தப் பெட்டிக்கு அரசாணையில் ‘ஒலிவழி உயிரின மீள்வரவேற்புச் சாதனம்’ என்று பெயர். காவலர்கள் ‘கூவுபெட்டி’ என்றார்கள். எது நல்ல தமிழ் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களில் அவற்றைப் பொருத்தினார்கள். கேட்பதற்கு ஒரு காது, உடல் வெப்பத்தைப் பார்ப்பதற்கு ஒரு கண், குரல் எழுப்புவதற்கு ஒரு வாய், இவ்வளவுதான் பெட்டி.

பைன் இந்த மண்ணின் மரமன்று. காகிதக் கூழுக்காக எப்போதோ எவரோ நட்டுவிட்டுப் போனது. அதன் நிழலில் புல் முளைக்காது; அதன் ஊசிகள் மட்கினால் மண் புளிக்கும். ஆயினும் வெட்டுவதை நிறுத்தி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், மரங்களின் காலடியில் பழைய சோலைக் காட்டின் கன்றுகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. நாவல் முளைத்தது, விக்கி முளைத்தது. பழந்தின்னிப் பறவைகள் வந்தால் விதை வரும். விதை வந்தால் சோலை வரும். இன்னும் முப்பது ஆண்டுகள் எவரும் கை வைக்காவிட்டால் பைன் தானாக ஒதுங்கி இடம்விடும். அதைக் கண்ணால் பார்க்கத் தமக்கு ஆயுள் போதாது என்பது மாசிலாமணிக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஊசிகளை விலக்கிவிட்டு நடப்பது அவருடைய வழக்கம்.

ஆனால் சட்டம் முப்பது ஆண்டு பொறுக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை குழு வரும். பெட்டிகளின் முன் வந்த உயிர்களைக் கொண்டு கணக்கிடும் காட்டின் ‘உயிர்மை எண்’ அறுபதாவது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாதுகாப்பு நீங்கி, மரங்கள் கூழாலைக்குப் போய்விடும். அடுத்த மதிப்பீடு வரும் திங்கட்கிழமை.

பெட்டிகளைப் பராமரிக்கும் பொறியாளர் ரெபேக்கா பிற்பகலில் வந்து சேர்ந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். வழியிலேயே சடையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாசிலாமணியோடு காட்டுக்குள் நடந்தாள்.

ஐந்தாம் பகுதியைக் கடக்கையில் மாசிலாமணி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஒரு கூவுபெட்டி குஞ்சுக் குரலில் கிச்சுக்கிச்சென்று இரைந்துகொண்டிருந்தது. கருப்பும் செம்மஞ்சளுமான சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் ஒன்று, அலகில் பச்சைப் புழுவோடு, பெட்டிக்கு எதிரே கிளையில் அமர்ந்திருந்தது. பெட்டியின் மேல் தாவிப் பார்த்தது. அடியில் தொங்கிப் பார்த்தது. மீண்டும் கிளைக்கு வந்தது. புழு செத்துத் தொங்கியது. பறவை அதை விழுங்கவும் இல்லை, விடவும் இல்லை.

“எவ்வளவு நேரமா சார் இப்படி?”

“இது இன்னிக்குக் கத அம்மா. நாளைக்கு வேறொண்ணு வரும். அந்தப் பக்கம் போனா, கன்னுக்குட்டி கத்துற பெட்டி ஒண்ணு இருக்கு. மூணு காட்டுமாடு பத்து நாளா அத விட்டு நகரல. தின்ன அங்க என்ன இருக்கு, ஊசிதான் இருக்கு. விலா எலும்ப எண்ணலாம்.”

ரெபேக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஏழாம் பகுதியை அடைந்ததும் பள்ளத்தை நோக்கியிருந்த பெட்டியோடு மடிக்கணினியை இணைத்துவிட்டு, ஊசிமெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். திரையை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“முதல்ல நாங்க பதிஞ்சு வெச்ச குரலை மட்டும்தான் சார் இதுங்க போட்டுச்சு. அது சரியா வேலை செய்யல. அப்புறம்தான் பெட்டியே கத்துக்கற மாதிரி மாத்தினோம். காதுல விழுற எல்லாச் சத்தத்தையும் போட்டுப் பாக்கும். எதைப் போட்டா உயிர் வருதோ அதை வெச்சுக்கும். வராததை விட்டுரும்.”

“அதான் எல்லாப் பெட்டியும் குட்டி மாதிரியே அழுவுதா?”

“ஆமா. ஜோடி கூப்பிட்டா பறவை யோசிக்கும். குஞ்சு கத்தினா யோசிக்காது. அதை நாங்க சொல்லித்தரல, அதுவே கண்டுபிடிச்சது.” அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். “இந்த ஏழாம் பகுதியில பாறையும் சரிவும்தான். நாலு மாசமா என்னென்னவோ போட்டுப் பாத்திருக்கு, ஒண்ணும் வரல. ஒருநாள் சடையன் எங்கயோ கூவினது காதுல விழுந்திருக்கு. அதைப் போட்டிருக்கு. பத்து நிமிஷத்துல ஒரு உயிர் வந்து எதிர்ல நின்னுது. மறுபடி போட்டா மறுபடி வந்துது. பன்னிரண்டு தடவை கூவியிருக்கு சார். பன்னிரண்டு தடவையும் வந்திருக்கீங்க. இந்தக் காட்டுல நூத்துக்கு நூறு வெற்றி பெற்ற குரல் இது ஒண்ணுதான்.”

“மனுஷனச் சேக்கக் கூடாதுன்னு அதுல எழுதலையா?”

“பாலூட்டின்னு எழுதியிருக்கோம். அதுக்கு மேல பிரிச்சு எழுத யாருக்கும் தோணல.”

மாசிலாமணி பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்தார். ஊசிகளின்மேல் ஒரு நீண்ட சறுக்கல் தடம் நேற்றிலிருந்து அப்படியே கிடந்தது.

“சரி, இப்பப் பிரிச்சு எழுதிரு. அந்தக் கூவல எடுத்துரு.”

“எடுத்தா மனுஷங்க வந்ததும் கணக்குல இருந்து போயிரும். எண் இப்ப அறுபத்தொண்ணு. எடுத்தா அம்பத்தெட்டு.” அவள் குரல் இறங்கிற்று. “மேலிடத்துல கேக்காம நான் தொட முடியாது சார்.”

*

வியாழக்கிழமை காலையில் சரக அலுவலர் தனஞ்செயன், மாசிலாமணி சொன்னதைத் தொலைபேசியில் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார், அவர் கெட்டவரல்லர்.

“மாசிலாமணி, நீங்க சொல்றது எல்லாம் எனக்குப் புரியுது. திங்கட்கிழமை சாயங்காலம் நானே நின்னு அதை எடுக்கச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு பெட்டியில கை வெச்சாலும், ‘கருவி கலைக்கப்பட்டது’ன்னு மதிப்பீடே செல்லாமப் போயிரும். அப்புறம் காடு ஏது, கன்னு ஏது? நாலு நாள்தான். உங்க ஆட்கள்கிட்டச் சொல்லுங்க, எந்தக் கூவலுக்கும் யாரும் போக வேண்டாம். உத்தரவாவே போடுங்க.”

நான்கு நாட்கள். மாசிலாமணி தொலைபேசியை வைத்துவிட்டு, கொட்டகையின் பின்புறம் தாம் சருகு விலக்கி வளர்த்த நாவல் கன்றின் அருகே சற்று நேரம் நின்றார். அது அவருடைய இடுப்பளவுக்கு வந்திருந்தது. கூழாலைக்காரன் வெட்டும் இயந்திரத்தோடு வந்தால் பைனையும் நாவலையும் பிரித்துப் பார்க்க மாட்டான். நான்கு நாட்கள் எவரும் கூவலுக்குப் போகாதிருந்தால், ஆளும் பிழைக்கும், காடும் பிழைக்கும். கணக்கு நேராகத்தான் இருந்தது. உள்ளே வந்து உத்தரவைப் படித்தார்.

காசிமாயன் தலையாட்டினான். ஆரோக்கியம் தரையைப் பார்த்தான். பஞ்சவர்ணம் மட்டும் எழுந்து நின்றாள்.

“நெசமாவே நாங்க விழுந்து கெடந்தா ஐயா?”

“வாக்கி டாக்கி இருக்குல்ல.”

“பள்ளத்துல அது வெறும் செங்கல்லு. உங்களுக்கே தெரியும்.”

“தனியா யாரும் போகாதீங்க. ஏழாம் பகுதிப் பக்கமே போகாதீங்க. நாலே நாள் தாயி.”

“சடையன் மாமா நம்ம குரலுக்குப் போயிச் செத்தாரு. இனிமே நம்ம குரலுக்கே போகாம இருந்து சாவச் சொல்றீங்க. அந்தப் பொட்டியப் புடுங்கிப் பள்ளத்துல போட எவ்வளவு நேரமாகும்? நாலு திருகாணி.”

“புடுங்குனா காடு போயிரும்னு சொன்னேன்ல.”

“குரலுக்கு ஆளு வராத காடு இருந்து என்ன, போயி என்னங்கய்யா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். அவளும் போட்டாள், பெயருக்குக் கீழே தேதியையும் சரியாக எழுதினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. மறுநாள் வரும் குழுவுக்காக மாசிலாமணி, ஆரோக்கியம், காசிமாயன் மூவரும் கொட்டகையைக் கூட்டித் துடைத்து, வரைபடங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அன்று வார விடுப்பு. காலைப் பேருந்தில் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திரும்பி வருவது அவளுடைய வாடிக்கை.

மூன்று நாற்பதுக்கு ஏழாம் பகுதியிலிருந்து கூவல் எழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆரோக்கியத்தின் கையிலிருந்த பசைக்குப்பி கீழே விழுந்தது. பழக்கத்தால் வாயருகே உயர்ந்த கைகளை அவன் தானே பிடித்து இறக்கினான்.

“இது பஞ்சவர்ணம் அக்கா குரல் மாதிரி இருக்கு,” என்றான் காசிமாயன்.

“அன்னிக்குச் சடையன் குரல் மாதிரிதான் இருந்துச்சு,” என்றான் ஆரோக்கியம்.

மாசிலாமணி வாசலுக்குப் போனார். வெள்ளைச் சுவரைப் போல் பனி நின்றது. பஞ்சவர்ணத்தின் கைப்பேசிக்கு அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவளுடைய ஊரில் எந்த நாளிலும் அப்படித்தான் சொல்லும். மீண்டும் மூன்று கூவல்கள். அவர் ஒரு படி இறங்கினார். சறுக்கல் தடம் கண்முன் வந்தது. பெட்டி மூன்று முறை அவளை வரவழைத்திருக்கிறது. அப்போது அவள் அந்த இடத்திலேயே நின்று ‘யாரது, எங்க இருக்கீங்க’ என்று கூவியிருப்பாள். அதை அது பிடித்து வைத்திருக்கும். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததாலேயே அவர் இறங்கிய படியிலேயே நின்றார்.

“போய்ப் பாத்துரலாமா ஐயா?” என்று கேட்டான் ஆரோக்கியம். “கயித்தக் கட்டிக்கிட்டு, ஓரத்துக்குப் போகாம.”

“போனா அதுக்கு இன்னொரு வெற்றிடா. நாளைக்கு இன்னும் நல்லாக் கூவும்.” சற்று நிறுத்தி, “உக்காரு,” என்றார்.

உட்கார்ந்தார்கள். கூவல் நின்றது, கால் மணி கழித்து மீண்டும் எழுந்தது. இடையில் காட்டுமாட்டுக் கன்றாகவும் ஈப்பிடிப்பான் குஞ்சாகவும் மற்றப் பெட்டிகள் அழுதன. காசிமாயன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, திடீரென்று சிரித்து, “எங்கம்மா செத்தன்னிக்குக்கூட நான் இப்படி உக்காந்ததில்ல,” என்றான். மாசிலாமணி தம்மையறியாமல் எண்ணிக்கொண்டே வந்தார். வெளிச்சம் மங்குவதற்குள் பதினான்கு முறை. கடைசிக் கூவல் மூன்றாக முடியாமல் இரண்டோடு நின்றுவிட்டது. பெட்டிக்கும் தொண்டை கட்டுமோ என்று அவர் நினைத்ததும், அந்த நினைப்பை உடனே ஒதுக்கியதும் பின்னால் அவருக்கு மறக்கவே இல்லை.

*

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சரக அலுவலர் தனஞ்செயனோடு மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர், தலைவர் முனைவர் கோதண்டம். ரெபேக்காவும் உடன் வந்திருந்தாள். பஞ்சவர்ணம் இன்னும் வந்திருக்கவில்லை. பனியில் பேருந்து தாமதம் என்று ஆரோக்கியம் சொன்னான். காசிமாயன் தேநீர் போட்டான்.

கோதண்டம் பலகைக் கணினியில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“மிஸ்டர் தனஞ்செயன், வாழ்த்துகள். அறுபத்திரண்டு.”

தனஞ்செயன் மூச்சை விட்டார். மாசிலாமணி நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார்.

“எனக்கு எதுல சந்தோஷம்னா, உங்க ஏழாம் பகுதி. போன தடவை நான் வந்தப்ப அது செத்த இடம்னு எழுதிட்டுப் போனேன். இவ்வளவு நாளும் எல்லாம் வந்து வந்து போன உயிர்தான். இப்பத்தான் முதல் தடவையா ஒண்ணு தங்கியிருக்கு.” அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “பாலூட்டி, ஒன்று. நேத்துப் பிற்பகல் மூணு நாப்பதுல இருந்து அதே இடம். பதினேழு மணி நேரம் தாண்டியாச்சு, இன்னும் நகரல. பெரும்பாலும் கடமானா இருக்கும். குட்டி போட ஒதுங்கியிருக்கலாம். யாரும் கலைச்சுராதீங்க.”

மாசிலாமணி அந்த வரியைப் படித்தார். பிறகு ரெபேக்காவைப் பார்த்தார். அவள் நிறம் மாறி நின்றாள். இருவரும் வெளியே வந்தார்கள். பனியில் நான்கடி நடந்ததும் அவர் கேட்டார்:

“அம்மா, ஏழாம் பகுதிப் பெட்டி நேத்து எத்தன தடவ கூவுச்சு?”

“கூவியிருக்காது சார்.”

“கூவுச்சு. பதினாலு தடவ. எங்க மூணு பேரு காதுலயும் விழுந்துச்சு.”

“வெள்ளிக்கிழமையே அந்தக் குரலை எடுத்துட்டேன் சார்.” அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “எந்தப் பெட்டியிலயும் அது இல்ல. கணக்கை விட்டுட்டுக் குரலை மட்டும், யாருக்கும் தெரியாத மாதிரி எடுத்தேன். உங்ககிட்டச் சொன்னா நீங்களும் குழு முன்னாடி பொய் சொல்ல வேண்டி வரும். அதான் சொல்லல. இனிமே யாரும் அதுக்கு ஏமாற மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

அவர் அதற்குமேல் நின்று கேட்கவில்லை. வயதை மறந்து ஓடினார். கொட்டகையில் இருப்பவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் ரெபேக்கா ஓடி வந்தாள். ஊசிமெத்தை இருவருடைய ஓட்டத்தையும் ஓசையின்றி விழுங்கிற்று.

ஏழாம் பகுதியின் பெட்டி மரத்தில் பள்ளத்தின் பக்கம் ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு திருகாணிகளில் மூன்று கழற்றப்பட்டிருந்தன. மரத்தடியில் ஒரு திருப்புளியும், பஞ்சவர்ணம் விடுப்பு நாளில் ஊருக்கு எடுத்துச் செல்லும் துணிப்பையும் கிடந்தன. அங்கிருந்து பள்ளத்தின் ஓரம் வரை ஊசிகள் இரண்டாம் முறையாகச் சறுக்கி விலகியிருந்தன. ஏற்கெனவே வாயடைக்கப்பட்டிருந்த பெட்டியைத்தான் அவள் கழற்ற வந்திருக்கிறாள்.

மாசிலாமணி குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சடையன் விழுந்தது இருநூறு அடி ஆழத்தில். ஆனால் இடையில், முப்பது அடிக்குக் கீழே, ஊசிகள் குவிந்த குறுகலான பாறைத்திட்டு ஒன்று உண்டு, ஒருவர் படுக்கலாம், எழுந்தால் வழுக்கும். அங்கேதான் இருக்க வேண்டும். பெட்டியின் கண் வேறெங்கும் எட்டாது.

கயிறு வேண்டும், ஆட்கள் வேண்டும். கொட்டகை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது; சொற்கள் பனியில் கரைந்துவிடும், கூவல் மட்டுமே அங்கு எட்டும். அவர் எழுந்து, இரு கைகளையும் வாயருகே குவித்து, இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில், விட்டுவிட்டு மூன்று முறை கூவினார்.

காத்திருந்தார். ஆரோக்கியத்தின் காதிலும் காசிமாயனின் காதிலும் அக்குரல் விழாதிருக்க வழியே இல்லை. பனிக்கு அப்பால் தேய்ந்து கேட்ட பேச்சொலி சற்று நின்றது. பிறகு மீண்டும் தொடங்கிற்று. தேநீர்க் குவளைகள் தட்டில் மோதும் கிணுகிணுப்புகூட மெல்லக் கேட்டது. ஒருவரும் எழுந்து வரவில்லை. மூவரும் கையெழுத்திட்ட உத்தரவு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் சார்,” என்று ரெபேக்கா திரும்பி ஓடினாள்.

அப்போது பள்ளத்துக்குள்ளிருந்து, வறண்டு பிளந்த தொண்டையிலிருந்து, ஒரே ஒரு கூவல் நீண்டு எழுந்தது. மேலே யாருக்கோ இக்கட்டு என்று கேட்டுவிட்ட குரல் அது.

“பஞ்சவர்ணம், வேணாம் தாயி, அசையாத. நான்தான், எனக்கு ஒண்ணுமில்ல, அசையாத,” என்று அவர் கீழே நோக்கிச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, விதிப்படி எழுந்து வர முயலும் ஓர் உடலின் அடியில் ஊசியிலைகள் மெல்ல நகரும் ஓசை கேட்கத் தொடங்கியது.